கோழி குத்திய கம்பி

அவள் என் வீட்டில் சாப்பிட வருகிறேன் என்று சொன்ன அன்றைக்கே என் குசினிச் சட்டிபானையை ஒவ்வொன்றாக நினைத்துப் பயப்படத் தொடங்கிவிட்டேன். கேட்டது நான்தான். ஆண்டுக்கணக்காக மனதுக்குள் வைத்திருந்த கேள்வியை, கந்தோரில் ஒருநாள் கோப்பைப் புரட்டிக்கொண்டே, வெயிலைப் பற்றிக் கதைக்கிற மாதிரிக் கேட்டுவிட்டேன். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பாள், நானும் பெரிதாக எடுக்காத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "ஓம் புள்ள, வாறம். இவரையும் கூட்டிக்கிட்டு வாறன்" என்றாள்.

நாங்கள் இருவரும் மட்டக்களப்பு நகரத்தில் ஒரே கந்தோரில் எழுதுவினைஞர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரிப் போட்ட மேசைகள். அவளுக்குக் காத்தான்குடி. எனக்கு வாவிக்கரையோரம், மெதடிஸ்த கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதி என் பக்கம் வந்துவிடும். அவளுடைய உம்மா வைக்கிற மாட்டிறைச்சிக் கறிக்காகவே சில நாள் வெறும் சோற்றை மட்டும் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்; எனக்கு அவ்வளவு வெட்கம் கிடையாது. என்னிடமிருந்து அவள் பக்கம் போனதெல்லாம் வாழைப்பழம், விளாம்பழம், கடையில் வாங்கிய பிஸ்கட். எங்கள் வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்குப் பன்றியிறைச்சி சமைப்போம். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி வாய் திறக்காமல் பழத்தை வாங்கிக்கொள்வது அவளுடைய மரியாதை. பழத்துக்கு மேல் எதையும் நீட்டாமல் இருப்பது என்னுடைய மரியாதை.

எங்கள் கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு காலம் இருந்தது. கந்தோர் வாசலில் எல்லோருடைய பையையும் பார்த்தார்கள். அவளுடைய பையை மட்டும் கிண்டிப் பார்த்தார்கள். அவள் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்தினாள். மத்தியானம் ஒரு பிளேன்ரீயோடு இருந்துவிடுவாள். நான் தெரிந்தவர்களின் செத்த வீடுகளுக்குப் போய் வந்து, என் மேசையில் நானும் பேசாமல் இருந்தேன். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. பிறகு ஒருநாள் சின்னக் கிண்ணம் ஒன்றில் வட்டிலப்பம் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தது. நான் எடுத்துத் தின்றேன். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை கதைத்ததில்லை.

இப்போது எனக்குக் களுவாஞ்சிக்குடிக்கு இடமாற்றம் வந்திருந்தது. தூரம் ஒன்றும் பெரிதில்லை, பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் முகத்துக்கு முகம் பார்க்கிற அந்த மேசை இராது. இத்தனை வருடம் அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி ஆகிவிடும். போகுமுன் ஒருதரம், ஒரே ஒருதரம், என் வீட்டில் நான் போட்டதை அவள் சாப்பிட வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இதைவிட வேறு ஆசை இருக்கவில்லை.

காஸ் அடுப்பில் கோழி சுடலாம் என்றது என் கணவர். இவருடைய தம்பி அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். போன வருடக் கடைசியில் ஊருக்கு வந்தபோது, எங்களில் ஒருவரும் கேட்காமலே ஒரு பெரிய காஸ் அடுப்பைக் கப்பலில் போட்டு அனுப்பியிருந்தார். சில்லு வைத்தது, மூடி போட்டது. உள்ளே வரிசையாக மூன்று நெருப்புக் குழாய், பக்கத்தில் ஒரு சின்ன மோட்டர், குறுக்கே போட ஒரு நீளக் கம்பி. முழுக் கோழியைக் கம்பியில் குத்தி, இரண்டு பக்கமும் முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு முள்ளைப் போட்டு இறுக்கி, மோட்டரைப் போட்டுவிட்டால் கோழி தன்பாட்டில் சுற்றிச் சுற்றி வேகும். எங்கள் ஊர்ச் சிலிண்டருக்கு அதன் குழாய் பொருந்தவில்லை என்று இரும்புக்கடைக்கும் வீட்டுக்குமாக இவர் எத்தனையோ நடை நடந்தார். கலியாணம் கட்டின நாளிலிருந்து என்னைக்கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. தம்பி திரும்பிப் போன பிறகு அது சாக்கால் மூடிச் சாமானறையில் கிடந்தது.

"குசினிக்குள்ள சமைச்சாத்தானே அவங்க யோசிக்கணும்? வெளியில, மரத்துக்குக் கீழ, நேரா நெருப்பில சுட்டா ஆருக்கு என்ன?" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விட்டேனா? புதுக் கத்தி வாங்கினேன். புதுப் பலகை, கோழி ஊறவைக்கப் புதுப் பேசின், கொழுப்பு வடிய நெருப்புக்குக் கீழே வைக்கிற புதுத் தட்டம், பட்டர் பூசப் புதுப் பிரஷ், புதுப் பீங்கான், தேத்தண்ணிக்குப் புதுக் கோப்பை, பிடித்துத் தூக்கப் புதுத் துணி. மகளுக்குக் கலியாணமா என்று கடைக்காரர் கேட்டார். அடுப்பை வெளியே உருட்டிக்கொண்டு வந்து, சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டு இவரைக் கொண்டு தேய்த்துக் கழுவ வைத்தேன். சமைக்கிறதில், பரிமாறுகிறதில், வாயில் படுகிறதில் பழையது ஒன்றும் இருக்கக்கூடாது. கோழியை மட்டும் நீங்களே அறுத்துக் கொண்டுவாருங்கள் என்று அவள் கேட்க முன்னமே நானாகச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய கணவர் மோட்டார்ச் சைக்கிளில் இரண்டு கோழி கொண்டுவந்து தந்தார். புடவைக்கடை வைத்திருக்கிறவர், பொறுமையான மனிதர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். "தோலோட வேணும் எண்டதும் கடக்காரன் என்ன ஒரு மாதிரிப் பாக்கான் தங்கச்சி. தோலுரிச்சாத்தானே நமக்குக் கோழி" என்று சிரித்தார். சுட்டால் தோல்தான் இறைச்சியைக் காயாமல் காக்குமாம்; தம்பி தொலைபேசியில் பாடம் எடுத்திருந்தார். உள்ளி, இஞ்சி, மிளகு, மஞ்சள், தேசிக்காய்ப்புளி, கட்டித் தயிர் எல்லாம் சேர்த்துத் தோலுக்கு உள்ளேயும் வெளியேயும் பூசி ஊறவைத்தேன். இந்தச் சாப்பாட்டுக்குப் பேக்கரிப் பாணும் சலாட்டும்தான் பொருத்தம் என்றும் பாடத்தில் இருந்தது. ஆகவே சோறு கறி ஒன்றும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. காலையிலேயே கச்சான் காற்று பிடித்துவிட்டது. தரைப் பக்கத்திலிருந்து வாவியை நோக்கி அடிக்கிற அந்தச் சூட்டுக் காற்றுக்கு எங்கள் வளவில் ஒரு துணி கொடியில் நிற்காது. இவர் கோழிகளின் காலையும் செட்டையையும் நூலால் கட்டி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாகக் கம்பியில் குத்தினார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மோட்டர் இடறும் என்று கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். இரண்டு ஓரத்து நெருப்பையும் எரியவிட்டு நடுவில் உள்ளதை அணைத்து, அதற்குக் கீழே தட்டத்தில் தண்ணீர் வைத்தார். மோட்டரைப் போட்டதும் இரண்டு கோழியும் மெதுவாகச் சுற்றத் தொடங்கின. இவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பையே இவர்தான் கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை.

அந்தப் பெருமை கன நேரம் நிற்கவில்லை. காற்று பின்பக்கத்தால் புகுந்து நெருப்பை அணைத்துவிட்டது. மூடி மூடியிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. காஸ் மணந்த பிறகுதான் தெரிந்தது. சிலிண்டர் வெடித்த கதைகளை நாடு முழுக்கக் கேட்டுப் பயந்திருந்த காலம் எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "பூட்டுங்க! சிலிண்டரப் பூட்டுங்க!" என்று கத்திக்கொண்டு வாசற்படி வரை ஓடிவிட்டேன். காஸ் கலைய முன்னமே இவர் அவசரப்பட்டு மறுபடி பற்றவைக்க, குப்பென்று எழும்பிய நெருப்பு கையில் இருந்த மயிரைப் பொசுக்கிவிட்டது. பழைய தகரம் இரண்டைக் கொண்டுவந்து, கல் வைத்து மறைப்புக் கட்டினோம். அதற்குள் கோழி ஆறிப்போய், முதலிலிருந்து தொடங்குகிற மாதிரி ஆகிவிட்டது. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொன்னவர்களுடைய கார் படலைக்கு வந்து நின்றபோது, கோழித் தோல் அப்போதுதான் மஞ்சள் மாறத் தொடங்கியிருந்தது.

நானா நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். யந்திரம் என்றால் அவருக்கும் உயிர் போலிருக்கிறது. "கிறுகுதே! தன்பாட்டில கிறுகுதே!" என்று குனிந்து குனிந்து பார்த்தார். அவள் மரத்துக்குக் கீழே போட்டிருந்த கதிரையில் இருந்து, கச்சான் காற்றுக்கு முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வாசம் புள்ள. காலையில தின்னாமத்தான் வந்த" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தேனாக இருந்தது. தேசிக்காய்த் தண்ணீரைப் புதுக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் கிளாஸைப் பார்த்தாள், அதில் இன்னும் ஒட்டியிருந்த விலைத் துண்டைப் பார்த்தாள், குடித்தாள்.

நேரம் போகப் போகக் கோழி சிவந்துகொண்டு வந்தது. நானாவும் கதிரைக்கு வந்துவிட்டார். இவர் பட்டர் எடுக்க வீட்டுக்குள் போயிருந்த நேரம், மோட்டர் கடக், கடக் என்று இடறத் தொடங்கியது. நான் துணியைப் பிடித்து மூடியைத் திறந்தேன். இந்தப் பக்கத்து முள்ளுத் தளர்ந்து கோழி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மோட்டரை நிறுத்தி, ஸ்குரூவை இறுக்கினேன். மற்ற முள்ளும் தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். முள்ளும் கம்பியும் சேருகிற மூலையில் கறுப்பாக ஏதோ அடைந்துபோய் இருந்தது. கத்தி முனையால் சுரண்டினேன். தோல் மாதிரி ஒரு துண்டு வந்தது. கல்லாகக் காய்ந்த துண்டு. அதில் முள்ளு முள்ளாக மயிரின் அடி.

கோழித் தோலில் அப்படி மயிர் இராது.

துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். நத்தாரன்று தம்பி இதில்தான் பன்றித் தொடை சுட்டார். நான் அன்று விருந்தாளிகளோடு வீட்டு மண்டபத்துக்குள் இருந்தேன். இறைச்சி வெட்டித் தட்டத்தில்தான் வந்தது. ஆகவே தட்டம் நினைவில் இருந்தது; புதுத் தட்டம் வாங்கினேன். வெட்டிய கத்தி நினைவில் இருந்தது. புதுக் கத்தி வாங்கினேன். கம்பி மேசைக்கு வரவேயில்லை. சட்டி, பானை, கரண்டி, பீங்கான் என்று கவிச்சி பட்டதையும் படாததையும் பிரித்துப் பார்க்கப் பழகின என் புத்திக்கு, கம்பி யந்திரத்தின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்திருக்கிறது. மின்விசிறியின் இறக்கையை யாராவது ஏனத்தோடு சேர்த்து நினைப்பார்களா? நான் நினைக்கவில்லை. கோழியின் வயிற்றுக்குள்ளால் போகிற சாமானை நான் நினைக்கவில்லை.

மோட்டரைத் திரும்பப் போட்டு மூடியை மூடிவிட்டு, குசினி வாசலில் இவரைப் பிடித்தேன்.

"முள்ளக் கழட்டிக் கழுவல்லயா?"

"ஒண்டு கழட்டின. மத்தது இறுகிக் கிடந்த. கம்பியத் தேச்சுக் கழுவினதானே, ஏன்?"

துண்டைக் காட்டினேன். இவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முதல் வேலையாக என் கையிலிருந்து அதைத் தட்டி, காலால் மணலுக்குள் தள்ளிவிட்டார்.

"சத்தம் போடாத. நெருப்பில எல்லாம் எரிஞ்சி போயிருக்கும்."

"எரியல்லயே. எண்ட கையில வந்ததே."

"இப்ப சொன்னா அவங்க எழும்பிப் போயிருவாங்க. சொல்லாட்டித் தின்னுட்டுச் சந்தோசமாப் போவாங்க. நீயே சொல்லு, எது நல்லம்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவர் சொன்னது தவறு என்பதற்காக அல்ல. எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது என்பதற்காக. அந்தப் பக்கத்துக் கோழியை நாங்கள் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக் கோழியை மட்டும் அவர்களுக்குப் போட்டால் என்ன என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு இரண்டுக்கும் உள்ளால் ஓடுவது ஒரே கம்பி என்று நினைவு வந்தது. அவள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் துண்டை வாயில் வைப்பாள். நான் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட காட்சி அதுதான். சொன்னால் அவள் சாப்பிட மாட்டாள். இனி ஒருநாளும் சாப்பிட மாட்டாள். சொல்லாவிட்டால் நான் அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது?

பட்டரையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் ஏதோ கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். மூடியின் மேல் இருந்த சூட்டுமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னும் கொஞ்சம்தான்" என்று இவர் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். தொடையில் கத்தியால் குத்தினால் வடிகிற தண்ணீர் சிவப்பில்லாமல் தெளிவாக வர வேண்டும், அதுதான் பதம். அந்தப் பதம் வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கரண்ட் போனது.

வீட்டுக்குள் வானொலி நின்றது. மோட்டரின் இரைச்சல் நின்றது. கோழிகள் முதுகை நெருப்புப் பக்கம் காட்டியபடி அப்படியே நின்றுவிட்டன. கொழுப்பு ஒரே இடத்தில் சொட்டிச் சீறத் தொடங்கியது. "கருகிரும், கருகிரும்!" என்று இவர் பதறி, கம்பியின் கைபிடிப் பக்கம் பிடித்துத் திருப்பப் பார்த்தார். மோட்டரோடு பொருத்தியிருந்த முனை விடவில்லை. நானா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஓடிவந்தார். "நீங்க மோட்டரக் கழட்டுங்க, நான் கம்பியப் பிடிச்சிக் கிறுக்கிறன்" என்று என் தோளில் கிடந்த துணியை உருவி, கையை நீட்டினார்.

"வேணா நானா! தொடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் அவருடைய கை அந்தரத்தில் நின்றது.

"சுடாது தங்கச்சி, துணி இரிக்கி."

"அதில பண்டி சுட்டது நானா. நத்தாருக்கு. அந்தக் கம்பியிலதான். எனக்கு இப்பதான் தெரியும்."

சொல்லி முடித்ததும் வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. தட்டம் புதுசு, கத்தி புதுசு, பீங்கான் புதுசு, எல்லாம் புதுசு வாங்கின, கம்பிய மட்டும் மறந்துட்டன், கழுவினது, ஆனா முள்ளுக்குள்ள கிடந்திரிக்கி என்று ஒரே மூச்சில் கொட்டினேன். நானா துணியை மெல்ல மடித்துத் தகரத்தின் மேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "தெரியாம நடந்ததுதானே தங்கச்சி" என்றார். இரண்டு அடி பின்னால் போய் நின்றார். அந்த இரண்டு அடியைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"எப்பக் கண்ட?" என்று கேட்டாள்.

"இப்ப. கொஞ்சத்துக்கு முந்தி."

"அப்ப வந்து இதில நிண்டு எனக்கிட்டக் கதச்சியே, அப்பவும் தெரியுமா?"

"ஓம்."

அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னது சரி என்பதற்கா, அவள் நினைத்தது சரி என்பதற்கா என்று தெரியவில்லை. பிறகு எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, படலையை நோக்கி நடந்தாள். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போகிறாள் என்றுதான் நினைத்தேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாவும் என்ன செய்வதென்று தெரியாமல் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. யாரும் கேட்காமல் இரண்டு கோழியும் மறுபடி சுற்றத் தொடங்கின. இவர் எட்டி மோட்டரை நிறுத்தி, நெருப்பையும் அணைத்தார்.

அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து வாழையிலையில் சுற்றிய சோற்றுப் பொதிகள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

சுருக்கென்று எனக்கு. வெட்கத்தில் செத்துக்கொண்டு நின்றவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "சாப்பாடு கட்டிக்கிட்டா வந்த?" என்று கேட்டேன். "அப்ப நான் போடுறதத் தின்னுறல்ல எண்டு ஊட்டுல இருந்தே முடிவெடுத்துத்தான் வந்திரிக்கிற. காலையில தின்னல்ல எண்டு என்னத்துக்குச் சொன்ன?"

"வாய மூடு புள்ள" என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இது உம்மா கட்டின. நான் வேணாம் எண்டு சொன்ன. அங்கதான் தின்னப் போறம் எண்டு சொன்ன. 'அவள் நல்லவள்தான், அவள்ட அடுப்ப நீ கண்டயா? கொண்டு போ, அங்க உனக்குத் தின்ன ஏலாமப் போகும்' எண்டு காருக்குள்ள கொண்டுவந்து வெச்சிட்டா. ராவு முழுக்க எனக்கும் அவக்கும் இதாலதான் சண்ட. பொதியப் பிரிக்காம அப்படியே கொண்டு போய் அவக்கு முன்னால வைக்கணும், 'இந்தா உம்மா, நான் அங்க வயிறு நிறையத் தின்னுட்டு வந்திரிக்கிறன்' எண்டு சொல்லணும், அதுக்குத்தான் நான் காலையில ஒண்டும் வாயில வைக்காம வந்த." மூச்சு வாங்கினாள். "இப்ப உம்மாதான் வெண்டா."

அதுவரை இது என்னுடைய ஆசை, என்னுடைய வெட்கம் என்று மட்டும்தான் எண்ணியிருந்தேன். அவள் எனக்காகத் தன் வீட்டில் நின்று வாதாடியிருக்கிறாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. என்னை நம்பி உம்மாவோடு பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு முள்ளின் இடுக்கில் கிடந்த துண்டால் நான் அவளைத் தோற்கடித்துவிட்டேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். இவர் என்னைத் தேற்றுவதா, கோழியை மூடுவதா என்று தெரியாமல், கடைசியில் கோழியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் பொதிகளைப் பிரித்தாள். மாட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். இரண்டு பேருக்குக் கட்டியதை நான்கு பீங்கானில் பங்கு வைத்தாள். பாணை வெட்டி ஓரத்தில் வைத்தாள். ஒரு பீங்கானை என் முன்னால் நகர்த்தினாள்.

"எனக்கு வேணா."

"ஏன், எண்ட உம்மாட சோறு உனக்கு ஹராமா?"

அதற்குப் பிறகும் மறுக்க எனக்கு முகம் இல்லை. எடுத்துச் சாப்பிட்டேன். நானா பாணைக் கிள்ளிக் கறியில் தோய்த்துக்கொண்டே மோட்டரைப் பற்றி இவரிடம் ஏதோ கேட்டார். இவரும் நன்றியோடு நீட்டி நீட்டிப் பதில் சொன்னார். கறி எப்போதும் போலத்தான் இருந்தது. அதை ருசித்ததற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அவர்கள் புறப்படும்போது படலை வரை போனேன். "உம்மாட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன். "பொதிய அவங்களுக்குக் குடுத்துட்டன், நாங்க கோழி தின்ன எண்டு சொல்லிரன். அவக்குத் தெரியவா போகுது?"

சொல்லி முடித்த பிறகுதான், குசினி வாசலில் இவர் சொன்ன அதே யோசனை என் வாயால் வந்தது எனக்கே விளங்கியது.

அவள் கார்க் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "நீ எனக்கு மறைச்சயா?"

"மறைக்கத்தான் பாத்தன்" என்றேன். "கரண்ட் போகாட்டிச் சொல்லியிருப்பனோ என்னவோ. எனக்கே தெரியா."

"சரி. அதையும் சேத்து உம்மாட்டச் சொல்றன்" என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கோழியை நாங்களும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். தோல் மொறுமொறுவென்று அருமையாக இருந்ததாம். மறுநாள் வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு வந்த எரிச்சலை நான்தான் அறிவேன்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போகக் கால் எழவில்லை. அவள் எனக்கு முன்னமே வந்து இருந்தாள். கோப்புகள் நடந்தன, ஆட்கள் வந்து போனார்கள். மத்தியானம் அவள் பெட்டியைத் திறந்தாள்; பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் தொடாமல் இருந்தேன்.

"உம்மா என்ன சொன்னா?" என்று ஒருவாறு கேட்டுவிட்டேன்.

"வெறும் இலையப் பாத்துட்டு, 'நான் அப்பவே சொன்ன' எண்டா. நான் நடந்ததச் சொன்ன. ஒண்டும் மிச்சம் வெக்காமச் சொன்ன. 'ஆரு சொன்ன அது பண்டிக் கம்பி எண்டு?' எண்டு கேட்டா. அவள்தான் சொன்னாள் எண்ட. 'நீங்க கண்டு பிடிக்கல்லயா? அவளாவா சொன்னாள்?' எண்டு மறுகாலும் கேட்டா. ஓம் எண்ட."

"மறுகா?"

"மறுகா எழும்பித் தொழப் போயிட்டா."

அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்தேன், வாய்க்குள் போகவில்லை. அவள் ஒரு வாய் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்தாள்.

"விடிய நான் வெளிக்கிடுற நேரம் வாசலுக்கு வந்து நிண்டா. அந்தக் கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு எண்டு உனக்கிட்டக் கேட்டு வரச் சொன்னா. எங்கட ஊர்ல இல்லாத இரும்புக்கடையா எண்டு கேக்கா. புதுக் கம்பி அடிச்சி, அவவே கையில கொண்டுவாறாவாம். அடுத்த ஞாயிறு அவக்கும் சேத்துக் கோழி போடட்டாம்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சாமானறைக்குள் போய் அளவு நாடாவைத் தேடினேன்.